மன்னிப்புக் கேட்டுப் படம் காட்ட வேண்டாம்

"கேமரா சரியில்லை தோழர், போன்லதான் எடுத்தோம், கொஞ்சம் பொறுத்துக்குங்க." மாணவர்கள் எடுத்த குறும்படமோ ஆவணப்படமோ புகைப்படத் தொகுப்போ எங்கே காட்டப்பட்டாலும், படம் ஓடுவதற்கு முன்பு இந்த வாக்கியம் ஓடிவிடுகிறது. விடுதி அறையில் வேட்டியைக் கட்டித் திரையாக்கியிருப்பார்கள். புரொஜக்டர் இரவல். ஸ்பீக்கர் யாரோ ஒரு தம்பியின் புளூடூத் பெட்டி. எல்லாம் தயாரான பிறகு எடுத்தவர் எழுந்து நிற்பார், கையைப் பிசைவார், மன்னிப்புக் கேட்பார்.

இந்த மன்னிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆட்டம் கண்ட படம் எடுத்தால் அதற்குப் "பரிசோதனை முயற்சி" என்று பெயர். நம் வீட்டுப் பிள்ளை உருப்படியாக ஒன்றை எடுத்துவிட்டு அதற்கு வருத்தம் தெரிவிக்கிறது. கேமராவின் விலை மட்டுமே இந்த வித்தியாசத்தை உண்டாக்கிவிடாது. யார் கேட்காமல் உள்ளே வரலாம், யார் வாசலில் நின்று அனுமதி வாங்க வேண்டும் என்ற பழைய கணக்கு ஒன்று இருக்கிறதே, அதுதான் திரைக்கு முன்னாலும் வந்து நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. "வசதி இல்லாமல் எடுப்பதுதான் உண்மையான கலை", "பசியில்தான் படைப்பு பிறக்கும்" என்று மேடையில் பேசுவார்கள். பேசுகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு தயாராக இருக்கும். இதையும் நாம் நம்ப வேண்டியதில்லை. மெமரி கார்டு நிறைந்துபோனதால் ஒரு பாட்டியின் பேச்சு பாதியில் நின்றது என்றால் அதில் அழகியல் ஒன்றும் இல்லை. அது இழப்பு. அந்தப் பாட்டி அடுத்த வருடம் இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான். குறைந்த வசதியில் எடுப்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. குறைந்த வசதியே நமக்குப் போதும் என்று ஒத்துக்கொள்ளவும் தேவையில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கேமரா நம் தெருவுக்கு வந்த கதை

கேமரா நம் தெருவுக்குள் முதலில் வந்தது நம் கையில் இருந்தபடி வரவில்லை. 1857 எழுச்சிக்குப் பிறகு, ஆளப்படுகிறவர்களை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆங்கிலேய அரசுக்குத் தோன்றியது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் எட்டுத் தொகுதிகளாகப் புகைப்பட நூல் வெளிவந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தலையின் சுற்றளவு, மூக்கின் நீள அகலம் எல்லாம் கருவி வைத்து அளக்கப்பட்டன. அளவெடுத்த கையோடு படமும் எடுக்கப்பட்டது. இவ்வகைத் தொகுதிகளின் படங்களுக்குக் கீழே சாதிப் பெயர் இருக்கும். மனிதரின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

இந்தப் பழக்கம் ஆங்கிலேயரோடு கப்பல் ஏறிப் போய்விடவில்லை. இன்றும் வன்கொடுமை நடந்த மறுநாள் வரும் பத்திரிகைப் படத்தைப் பாருங்கள். எரிந்த குடிசை, தலைவிரிகோலமாக அழும் ஒரு பெண், கீழே "பாதிக்கப்பட்ட தலித் பெண்" என்று ஒரு வரி. அவருக்குப் பெயர் இல்லை, தொழில் இல்லை, அழாத நாள் ஒன்று இருந்ததற்கான தடயமும் இல்லை. தர்ஸ்டன் காலத்துப் படக்குறிப்பிலிருந்து இது எத்தனை தூரம் வந்திருக்கிறது?

இதற்கு மறுமுனையில் பி.கே. ரோசி நிற்கிறார். மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' படத்தின் நாயகி. தலித் பெண் ஒருவர் நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறுக்காத சாதி இந்துக்கள் அவரைத் திருவனந்தபுரத்தைவிட்டே விரட்டினார்கள். அவர் தமிழ்ப் பகுதிக்கு வந்து, நடிகை என்ற அடையாளமே இல்லாமல் வாழ்ந்து மறைந்தார். படத்தின் பிரதியும் இன்று இல்லை. விருப்பம் கேட்கப்படாமலேயே படமெடுக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம், விரும்பித் திரையில் தோன்றியதற்காகவே அழிக்கப்பட்டவர் மறுபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்று ஒரு பத்தொன்பது வயது மாணவி தன் போனைத் தூக்கிப் பிடிக்கிறாள்.

கருவிக்குள்ளேயே ஒரு பாரபட்சம் இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோடாக் நிறுவனம் வண்ணப் படச்சுருளின் நிறச் சமநிலையைச் சரிபார்க்க ஒரு வெள்ளைப் பெண்ணின் படத்தை அளவுகோலாக அனுப்பி வந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். கறுப்புத் தோல் அதில் சேறு பூசியதுபோல் பதிவானது. அதைச் சரிசெய்யும் நெருக்கடி கறுப்பின மக்களின் குரலிலிருந்து மட்டும் வரவில்லை. சாக்லேட்டின் நிறமும் மர மேசையின் நிறமும் விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று வியாபாரிகள் புகார் செய்தபோதும் வந்தது. இன்றைக்குப் போனில் இருக்கும் 'பியூட்டி' வசதி, கேட்காமலேயே நம் அம்மாவின் முகத்தை இரண்டு படி வெளுத்துக் காட்டுகிறது. படமெடுக்கும் முன்பு அதை அணைத்துவிடுங்கள். இது தொழில்நுட்பக் குறிப்பு மட்டுமில்லை.

ஒரு பைசாவில் தொடங்கியவர்கள்

'சின்ன முதலீட்டில் பெரிய விஷயத்தைச் சொல்ல முடியுமா' என்ற தயக்கம் உள்ளவர்களுக்கு நம் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து ஒரு வார இதழ் தொடங்கினார். அதன் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட பத்திரிகை அது. மலிவாக இருக்கிறோமே என்று அது குனியவில்லை. யாரெல்லாம் வாங்க முடியும் என்பதைத் தலைப்பிலேயே அறிவித்தது. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கரின் 'மூக்நாயக்' வந்தது. அதற்கான விளம்பரத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டுகூட வெளியிட 'கேசரி' மறுத்தது. பணம் இருந்தாலும் கதவு திறக்காது என்பதையும், கதவு திறக்காவிட்டாலும் பத்திரிகை வரும் என்பதையும் அந்த ஒரே நிகழ்ச்சி காட்டிவிட்டது.

படத்துக்கு வருவோம். நாகராஜ் மஞ்சுளேயை 'சாய்ராட்' இயக்குநராக எல்லோருக்கும் தெரியும். அவருடைய தொடக்கம், அகமதுநகரில் தொடர்பியல் படித்துக்கொண்டிருந்தபோது படிப்பின் பகுதியாக எடுத்த 'பிஸ்துல்யா' என்ற குறும்படம். பள்ளிக்குப் போக ஆசைப்படும் ஒரு ஏழைச் சிறுவனின் கதை. கால் மணி நேரம்தான். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அடுத்து 2013இல் 'ஃபன்ட்ரி'. அதன் கடைசிக் காட்சியில் சிறுவன் எறியும் கல் நேராகப் பார்வையாளரை நோக்கி வருகிறது. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக எடுத்த படத்துக்கும் அந்தக் கல்லுக்கும் இடையே நான்கைந்து வருடங்கள்தான்.

தமிழ்நாட்டில் 2003இல் அமுதன் ஆர்.பி. எடுத்த 'பீ' ஆவணப்படம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. மதுரையில் ஒரு தெரு, ஒரு துப்புரவுப் பணியாளர், அவர் அன்றாடம் செய்யும் வேலை. அவ்வளவுதான். பார்த்தவர்கள் மறக்கவில்லை. 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தது. மனிதர் கையால் மலம் அள்ளுவதை 2013இல் சட்டம் மீண்டும் தடைசெய்த பிறகும் அது எப்படித் தொடர்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த படம். திரையிடலுக்குக் காவல்துறை தடை போட்டது. படம் யூடியூபுக்குப் போனது. அதே வருடம் பழைய மாணவர் போராட்ட வழக்கு ஒன்றைத் தூசிதட்டி இயக்குநரைக் கைது செய்தார்கள். அந்தப் படத்தின் ஒளிப்பதிவில் பங்கெடுத்த பழனிகுமார், மீன் விற்ற தாயின் மகன். இன்று 'பாரி' இணையதளத்தின் புகைப்படக் கலைஞராக இருப்பதோடு, உழைக்கும் மக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமராவைச் சொல்லிக்கொடுத்து வருகிறார். கேமரா கை மாறுவது என்றால் இதுதான்.

கருவிப் பற்றாக்குறையைச் சமாளிப்பதிலும் முன்னோடிகள் உண்டு. 1974இல் பீகார் மாணவர் எழுச்சியைப் படமெடுக்கப் போன ஆனந்த் பட்வர்தனிடம் இருந்தது சூப்பர் எட்டுக் கேமரா. அதில் எடுத்ததைத் திரையில் ஓட்டி, அதை மறுபடி பதினாறு மில்லிமீட்டர் கேமராவில் படமெடுத்துத்தான் முதல் படத்தை உருவாக்கினார். அதே மனிதர் பின்னாளில் ரமாபாய் நகர் துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து போய் 'ஜெய்பீம் காம்ரேட்' எடுத்தார். 1997 ஜூலை 11 அன்று பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். படம் வெளிவந்தது 2011இல். பதினான்கு வருடம் விடாமல் திரும்பத் திரும்பப் போனதுதான் அந்தப் படத்தின் பலம். எந்த லென்ஸும் அதைத் தந்திருக்காது.

இன்னும் ஒன்று. 2020 மே 25, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம். ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை அழுத்திக்கொண்டிருக்கிறார். பதினேழு வயதுப் பள்ளி மாணவி டார்னெல்லா ஃபிரேசியர் தன் போனை உயர்த்துகிறார். காவல்துறையின் முதல் அறிக்கை அதை ஒரு மருத்துவச் சம்பவம்போல எழுதியது. அந்த மாணவியின் பதிவு அந்த அறிக்கையைக் குப்பையில் போட்டது. அடுத்த வருடம் அந்தப் போலீஸ்காரர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. மாணவிக்குப் புலிட்சர் குழுவின் சிறப்புப் பாராட்டும் வந்தது. அந்தப் பதிவில் இசை இல்லை, எடிட்டிங் இல்லை, விளக்கவுரை இல்லை. கை நடுங்காமல், நிறுத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அதுதான் அவரிடமிருந்து நாம் படிக்க வேண்டிய ஒளிப்பதிவு.

உண்மையில் எது இல்லை?

நம்மிடம் நல்ல கேமரா இல்லை என்பது பாதி உண்மை. இன்று ஒரு சாதாரண போன் எடுக்கும் படம், இருபது வருடங்களுக்கு முன்பு ஆவணப்படக்காரர்கள் பயன்படுத்திய பல வீடியோ கேமராக்களைவிடத் தெளிவானது. இல்லாதவை வேறு.

முதலில் நேரம் இல்லை. காலையில் கல்லூரி, மாலையில் பகுதிநேர வேலை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாவுக்குக் கைகொடுக்க வேண்டும். ஒரு நாள் ஷூட்டிங் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. படத்தில் பேச வருகிறவருக்கும் அப்படித்தான். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் அன்றைய வருகைப் பதிவு போய்விடும். ஆகவே அவர் நேரத்துக்கு நாம் போக வேண்டும். விடிகாலையோ வேலை முடிந்த பிறகோ. நல்ல வேளையாக, படமெடுக்க நல்ல வெளிச்சம் இருப்பதும் அந்த நேரத்தில்தான்.

இரண்டாவது ஒலி. மாணவர் படங்கள் பெரும்பாலும் தோற்பது காட்சியில் இல்லை, காதில். முகம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பேச்சு புரியவில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். விலையுயர்ந்த மைக் இல்லாவிட்டால் இரண்டாவது போன் ஒன்றில் குரல் பதிவைப் போட்டு, பேசுகிறவரின் சட்டைப் பையிலோ மடியிலோ வையுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கையைத் தட்டினால் பிறகு ஒலியையும் படத்தையும் சேர்ப்பது சுலபம். மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றடித்தால் மெல்லிய துணியைச் சுற்றுங்கள். போனை ஏரோபிளேன் முறைக்கு மாற்றாமல் ஷூட்டிங் தொடங்காதீர்கள். முக்கியமான நேரத்தில்தான் கடன் தவணைக்காரன் கூப்பிடுவான்.

மூன்றாவது வெளிச்சம். தகரக் கூரை வீட்டுக்குள் நண்பகலில் எடுத்தால் வாசல் வெளுத்து முகம் இருண்டுவிடும். போனின் தானியங்கி அளவீடு வெளிச்சமான பின்னணிக்குத்தான் ஒத்துப்போகும். கறுத்த முகங்களுக்கு அதனால் இரட்டிப்பு நட்டம். பேசுகிறவரை வாசற்படிக்கு உள்ளே, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். திரையில் அவர் முகத்தின் மீது விரலை அழுத்தி அளவைப் பூட்டுங்கள். இதற்குக் காசு வேண்டியதில்லை.

நான்காவது இடம். சேமிப்பு இடம்தான். அரசு கொடுத்த மடிக்கணினியில் பெரிய கோப்பு ஓடாது. தரம் குறைந்த பிரதி ஒன்றை உருவாக்கி அதில் எடிட் செய்துவிட்டு, கடைசியில் அசலை இணைக்கும் முறை இலவச மென்பொருள்களான ஷாட்கட், கேடென்லைவ் போன்றவற்றில் இருக்கிறது. திருட்டு மென்பொருள் போட்டு வைரஸில் மொத்தப் படத்தையும் இழப்பதைவிட இது நல்லது.

படக்குழுவுக்குள் இருக்கும் சாதி

இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. விஸ்காம் வகுப்பறைகளில் குழு பிரிக்கும்போது கேமரா வைத்திருப்பவர் தானாகவே இயக்குநர் ஆகிறார். கேமரா யாரிடம் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். பெரும்பாலான கல்லூரிகளில் இந்தப் படிப்பு சுயநிதிப் பிரிவில் இருக்கிறது. கட்டணத்துக்கு மேல் கேமரா, லென்ஸ், களப்பயணச் செலவு என்று தனியாக வரும். கல்வி உதவித்தொகை வருடக் கடைசியில்தான் கைக்கு வரும். அதற்குள் நம் பிள்ளை முக்காலி தூக்குகிறவராகவும், ரிஃப்ளெக்டர் பிடிக்கிறவராகவும், "உங்க ஏரியாவில் லொக்கேஷன் கிடைக்குமா" என்று கேட்கப்படுகிறவராகவும் ஆகியிருப்பார்.

நம் தெரு லொக்கேஷன் ஆகிறது. நம் ஆயா பாத்திரம் ஆகிறார். நம் சாவுமேளம் பின்னணி இசை ஆகிறது. முடிவில் பெயர்ப் பட்டியலில் நம் பெயர் "உதவி" என்ற இடத்தில் வருகிறது. சில நேரம் அதுவும் வருவதில்லை. படம் பரிசு வாங்கும்போது மேடையில் ஏறுகிறவர் அந்தத் தெருவுக்கு மறுபடி வருவதில்லை.

இதை மாற்றச் சில எளிய விதிகள் போதும். குழு தொடங்கும் அன்றே யார் எழுதுகிறார், யார் எடுக்கிறார், யார் எடிட் செய்கிறார் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கேமரா சொந்தக்காரருக்கு வாடகை கணக்கு எழுதுங்கள், இயக்குநர் பதவியை வாடகையாகக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் வேலையைச் சுற்றில் மாற்றுங்கள். பெண்களைத் தொகுப்பாளராகவும் ஒப்பனையாளராகவும் மட்டும் வைக்கும் பழக்கத்தை நம் குழுக்களும் விட வேண்டும். சாதியை எதிர்த்துப் படமெடுக்கும் குழுவில் டீ வாங்கி வருவது எப்போதும் ஒரே தங்கையின் வேலையாக இருந்தால், அந்தப் படம் என்ன சொன்னாலும் அந்தக் குழு வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

யாரை எடுக்கிறோம், எதற்காக?

2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதை வீடியோ எடுத்துப் பரப்பியவர்களும் அடித்த தரப்பினரே. அவமானத்தை ஊருக்குக் காட்டுவதற்கான கருவியாகத்தான் அவர்கள் கேமராவைப் பிடித்தார்கள். அதே வீடியோ நாடு முழுக்க எழுச்சியாகத் திரும்பியது என்பது நம் மக்களின் வலிமை. ஆனாலும் அந்த இளைஞர்கள் அடிவாங்கும் காட்சி இன்றும் யாராவது பகிரும்போதெல்லாம் மறுபடி ஓடுகிறது. அதே வருடம் மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்ட சிசிடிவி பதிவைத் தொலைக்காட்சிகள் எத்தனை முறை ஓட்டின? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களால் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்ட பள்ளி மாணவரையும் அவர் தங்கையையும் மருத்துவமனைக் கட்டிலில் படமெடுக்க எத்தனை கேமராக்கள் போட்டி போட்டன?

நாமும் அதே வரிசையில் போய் நிற்கக் கூடாது. காயத்தைக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று நினைக்கிறோம். காட்டக் காட்டப் பழகித்தான் போகிறார்கள். நியாயம் கேட்கக் காயம் தேவைப்படும் இடம் நீதிமன்றம். அங்கே அதைக் கொடுப்போம். பார்வையாளருக்கு அந்த மாணவர் தையல் பிரித்த பிறகு எந்தப் புத்தகத்தைத் திறந்தார் என்பதைக் காட்டலாமே.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவுப்படி குற்றம். நல்ல நோக்கத்தோடு எடுத்தேன் என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது.

அனுமதி என்பதை ஒரு தலையசைப்போடு முடித்துக்கொள்ளாதீர்கள். மூன்று முறை கேளுங்கள். எடுக்கும் முன்பு, எடுத்த பிறகு, வெளியிடும் முன்பு. எடிட் செய்ததை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். "இந்தப் பேச்சு வேணாம் கண்ணு, அவங்க வயல்லதான் நாளைக்கு வேலைக்குப் போவணும்" என்று ஒரு அக்கா சொன்னால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். நாம் பஸ் ஏறிப் போய்விடுவோம். டீக்கடையில் "நேத்து என்னடி பேட்டி கொடுத்த" என்று கேட்கப்படப் போவது அவர்தான். அவர் பாதுகாப்பைவிட நம் படம் பெரிதில்லை.

சந்தோஷத்தையும் எடுங்கள். நம் தெருவில் கபடி இருக்கிறது, கேரம் இருக்கிறது, வளைகாப்பு இருக்கிறது, ஏப்ரல் 14 அன்று நீலக் கொடி கட்டும் குழந்தைகள் இருக்கிறார்கள், வாசலில் நாற்காலி போட்டு நாளிதழ் படிக்கும் தாத்தா இருக்கிறார். அழுகைக்கு வெளியே நம் முகம் எப்படி இருக்கும் என்பதற்கு ஆவணம் மிகக் குறைவு. எடுத்தவரின் பெயரை எழுதுங்கள், எடுக்கப்பட்டவரின் பெயரையும் அவர் சம்மதித்தால் எழுதுங்கள். தர்ஸ்டன் காலத்துப் படக்குறிப்புக்குப் பதில் சொல்ல அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

எடுத்ததைக் காப்பாற்றுவது

கோகுல்ராஜ் வழக்கை எல்லா மாணவர்களும் படிக்க வேண்டும். 2015 ஜூன் மாதம் அவர் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை என்று காட்டத்தான் முயன்றார்கள். விசாரணையில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவு வழக்கைத் தாங்கி நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் தண்டனை வழங்கியது. அந்தப் பதிவு அழிந்துபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் எடுப்பதும் ஒருநாள் சாட்சியாகலாம். அதற்கு அசல் கோப்பு வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வீடியோவை அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது, எடுத்த நேரம் இடம் போன்ற உள்தகவல்களும் போய்விடும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. ஆகவே வன்கொடுமை தொடர்பாக எதையாவது எடுத்தால், அந்தக் கோப்பின் பெயரைக்கூட மாற்றாதீர்கள். பாட்டுச் சேர்க்காதீர்கள், வெட்டாதீர்கள். எடுத்த போனை விற்காதீர்கள். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். சமூக ஊடகத்தில் போடும் முன்பு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள்.

இன்னொரு உரிமையும் நமக்கு உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் வழியாக வந்த 15ஏ பிரிவு, இச்சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தும் வீடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. கேமரா வைக்க வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதும் நம் படக்குழுக்களின் வேலைகளில் ஒன்றாக இருக்கட்டும்.

வழக்கு சாராத பதிவுகளையும் விடாதீர்கள். ஒவ்வொரு மாணவர் அமைப்பும் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும். ஊர், தேதி, பேசியவர், எடுத்தவர் என்று நான்கு விவரத்தோடு கோப்புகளை அடுக்க வேண்டும். போன் உடைந்ததால் போன வரலாறு நம் தலைமுறையில் ஏராளம். ரீல்ஸ் போட்டுவிட்டால் பத்திரமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கணக்கை முடக்க ஒரு கும்பல் சேர்ந்து புகார் கொடுத்தால் போதும்.

கேட்க வேண்டியவை

இதுவரை சொன்னது நாம் செய்ய வேண்டியது. இனி கேட்க வேண்டியது.

கல்லூரிகளில் கேமராவும் மைக்கும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக்கிடக்கின்றன. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் துடைத்து வெளியே வைக்கப்படுகின்றன. நூலகப் புத்தகம்போல அவை எல்லா மாணவர்களுக்கும் இரவல் கொடுக்கப்பட வேண்டும். ஈட்டுத்தொகை என்று பணம் கேட்கக் கூடாது. சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியிருக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒரு கணினி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, தடையில்லாத இணையம் இருக்க வேண்டும். பெயர்ப் பலகையோடு சமூகநீதி நின்றுவிடக் கூடாது. கல்வி உதவித்தொகை படிப்புக்குத் தேவையான கருவிச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாணவர் திரைப்பட விழாக்கள் நுழைவுக் கட்டணத்தை நீக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் கட்டணம் என்பது யாருக்கோ ஒரு காபி, வேறு யாருக்கோ ஒரு வாரச் சாப்பாடு.

நம் இயக்கங்களிடமும் கேட்க வேண்டும். மாநாட்டு மேடைக்கும் வரவேற்பு பிளெக்ஸுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை மாவட்டத்துக்கு ஒரு பொதுக் கேமராப் பெட்டிக்கு ஒதுக்கினால் என்ன? இரண்டு மைக், ஒரு முக்காலி, ஒரு விளக்கு, ஒரு ஹார்ட் டிஸ்க். தலைவர் வரும்போது படமெடுக்க மட்டும் மாணவர்களைக் கூப்பிடாமல், மாணவர்கள் எடுத்ததைப் பார்க்கத் தலைவர்கள் ஒரு மாலை வந்து தரையில் உட்கார வேண்டும்.

தோழர்களே, இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் வயதில் மூத்தவர் யார் என்று பாருங்கள். அவருக்கு ஒழிந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு போய், வாசற்படியில் உட்கார வைத்து, அவர் பள்ளிக்கூடம் போன கதையை, அல்லது போக முடியாமல் போன கதையைக் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். முடித்ததும் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். பிறகு போனைப் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புத் தங்கையிடம் கொடுத்து, அடுத்த வீட்டுக்கு அவளை அனுப்புங்கள்.

ஜெய்பீம்.